பொலோன்யா 1477: தப்புத் தேதி போட்ட ஒரு அட்லஸ் 21 லட்சம் பவுண்டுக்கு போன கதை

2006 அக்டோபர் 10ஆம் தேதி லண்டன் சோத்பீஸ் ஏலத்துல ஒரு பழைய அட்லஸ் 21 லட்சத்து 36 ஆயிரம் பவுண்டுக்கு போச்சு. அன்னிக்கு ரேட்ல கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர். அதுவரைக்கும் ஏலத்துல எந்த அட்லஸும் அந்த விலையத் தொட்டதில்ல. பழங்காலக் கிரேக்க அறிஞர் தாலமியோட புவியியல் நூல், லத்தீன்ல "காஸ்மோக்ராஃபியா"ன்னு பேரு, 1477ல இத்தாலியில பொலோன்யா நகரத்துல அச்சடிச்ச பதிப்பு. மேப்போட அச்சுல வந்த முதல் தாலமி இதுதான், அதனால உலகத்தோட முதல் அச்சு அட்லஸ்னும் இதத்தான் சொல்றாங்க. செப்புத்தகட்டுல செதுக்கி அச்சடிச்ச மேப்புகள் வந்த முதல் புத்தகமும் இதுவே.

இதுல ஒரு விஷயம் என்னை ரொம்ப நாளா புடிச்சு வச்சிருக்கு. இந்த புத்தகத்துல அச்சான தேதியே தப்பு. உள்ள இருக்கற மேப்புகளும், இன்னிக்கு ஸ்கூல் பசங்ககிட்ட காட்டினா "இது இந்தியாவா"ன்னு கேப்பாங்க, அந்த அளவுக்கு தப்பு. அப்ப 21 லட்சம் பவுண்டு எதுக்கு குடுத்தாங்க? வெறும் "முதல்"ங்கற பட்டத்துக்கா? எனக்கு அப்படி தோணல. படிக்கப் படிக்க எனக்கு தெரிஞ்சது, இந்த புத்தகம் முழுசா, ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் சாட்சி சொல்ற மாதிரி ஒண்ணா இருக்கறதுதான் அதோட மதிப்பு. அத வச்சுத்தான் இந்த கேஸ கீழ பிரிச்சு எழுதிருக்கேன்.

முதல்ல புத்தகம் எப்படி பொலோன்யா வரைக்கும் வந்துச்சுன்னு சுருக்கமா. தாலமி எகிப்துல அலெக்சாந்திரியாவுல கி.பி. 150 வாக்குல எழுதினது. சுமார் 8000 இடங்களுக்கு அட்சரேகை தீர்க்கரேகை கணக்கு குடுத்து, இத வச்சு நீங்களே மேப் வரைஞ்சுக்கலாம்னு வழியும் சொன்ன நூல். அப்புறம் மேற்கு ஐரோப்பாவுல அத படிக்கறதுக்கு ஆளே இல்லாம போச்சு. 1295 வாக்குல கான்ஸ்டான்டிநோபிள்ல மாக்ஸிமுஸ் பிளனூடிஸ்னு ஒரு துறவி தேடி அலைஞ்சு கிரேக்கச் சுவடிய கண்டுபிடிச்சார். அங்கேர்ந்து இத்தாலிக்கு வந்து, ஜாகோப்போ ஆஞ்செலிங்கற அறிஞர் 1410 வாக்குல லத்தீன்ல மொழிபெயர்த்து முடிச்சார். 1475ல விச்சென்சா நகரத்துல அது முதல் தடவையா அச்சுல வந்துச்சு, ஆனா மேப் இல்லாம, வெறும் எழுத்து மட்டும். மேப் இல்லாத புவியியல் புத்தகம், யோசிச்சுப் பாருங்க. படிச்சவங்களுக்கு என்ன ஏக்கம் இருந்திருக்கும்!

தேதி விஷயம்

பழைய அச்சு புத்தகங்கள்ல யார் அச்சடிச்சது, எந்த ஊர், எந்த நாள்ங்கற விவரம் எல்லாம் கடைசியில ஒரு குறிப்பா இருக்கும், அதுக்கு கொலஃபன்னு பேரு. இந்த புத்தகத்தோட கொலஃபன்ல பொலோன்யா குடிமகன் டொமெனிக்கோ லாபி அச்சடிச்சதுன்னு போட்டு, வருஷம் ரோமன் எழுத்துல எம் சிசிசிசி எல்எக்ஸ்ஐஐ, அதாவது 1462, ஜூன் மாசம் 23ஆம் தேதின்னு இருக்கு.

1462 உண்மைன்னா அச்சு வரலாற்றையே மாத்தி எழுதணும். ஏன்னா இத்தாலியில அச்சுத்தொழில் ஆரம்பிச்சதே 1465ல தான், ரோமுக்குப் பக்கத்துல சுபியாக்கோ மடத்துல, ரெண்டு ஜெர்மன்காரங்க வந்து ஆரம்பிச்சாங்க. அதுக்கு 3 வருஷம் முன்னாடியே பொலோன்யாவுல ஒருத்தர் 26 செப்புத்தகட்டு மேப்போட அட்லஸ் போட்டுட்டாருன்னா நம்பவே முடியாது. ஆனா அச்சுல இருக்கே, அச்சுல இருந்தா நம்பறவங்க எப்பவும் உண்டு, இத பத்தின விவாதம் ரொம்ப காலம் ஓடுச்சு.

இதுக்கு பதில் புத்தகத்துக்குள்ளயே இருக்கு. தாலமியோட எழுத்தையும் மேப்பையும் சரிபார்த்த அறிஞர்கள் பேர உள்ள போட்டிருக்காங்க, அதுல ஒருத்தர் ஃபிலிப்போ பெரோல்தோ. பொலோன்யாவுல பின்னாடி பெரிய பேராசிரியர் ஆனவர், பிறந்தது 1453. அப்ப 1462ல அவருக்கு வயசு 9! ஒன்பது வயசு பையன் தாலமிய பிழைதிருத்தம் பண்ண வாய்ப்பே இல்லல்ல. இந்த அட்லஸ் போடறதுக்காக 1470கள்ல நடந்த கூட்டு ஒப்பந்தம், கணக்கு வழக்கு எல்லாம் ஆவணங்கள்ல கிடைச்சதும் 1477ங்கறது உறுதியாச்சு. அச்சடிச்சது 500 பிரதிங்கற விவரமும் அப்படி வந்ததுதான்.

தப்பு எப்படி நடந்துச்சுன்னு பாத்தா ரொம்ப எளிமை. 1477ஐ ரோமன்ல எழுதினா கடைசிப் பகுதி எல்எக்ஸ்எக்ஸ்விஐஐ. அதுல நடுவுல ஒரு எக்ஸும் ஒரு வியும் விட்டுப்போச்சுன்னா எல்எக்ஸ்ஐஐ, 62. ரெண்டே ரெண்டு ஈய எழுத்து. அச்சு கோக்கறவர் கை தவறினதா, கடைசி நாள் அவசரமா, யாரும் அங்க நின்னு பாக்கல. ஆனா இத்தனை அறிஞர்கள் பிழை பாத்த புத்தகத்துல கடைசிப் பக்கத்து தேதிய ஒருத்தரும் பாக்கலங்கறத நினைக்கும்போது, பத்திரிகையில ராத்திரி கடைசி ப்ரூஃப் பாத்து கண்ணு எரிஞ்சவங்க எல்லாருக்கும் அந்த கம்பாசிட்டர் மேல ஒரு பாசம் வரும், எனக்கு வருது.

செம்பும் கையும்

அவசரம்னு சொன்னேன்ல, அதுக்கு காரணம் இருக்கு. அதே நேரத்துல ரோம்ல கொன்ராட் ஸ்வைன்ஹைம், சுபியாக்கோவுல அச்சு ஆரம்பிச்ச அதே ரெண்டு பேர்ல ஒருத்தர், தாலமி மேப்புகள செம்புல செதுக்கற வேலைய 1474 வாக்குலயே ஆரம்பிச்சிட்டார். அவர் வேலைய பொறுமையா, ரொம்ப நேர்த்தியா பண்ணார். முடியறதுக்குள்ள 1477ல இறந்தும் போயிட்டார். ஆர்னால்ட் புக்கிங்க்னு ஒருத்தர் எடுத்து முடிச்சு 1478 அக்டோபர் 10ல ரோம் பதிப்ப வெளியிட்டார். பொலோன்யா அதுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல முந்திக்கிச்சு. (அக்டோபர் 10, அந்த தேதிய கவனிச்சீங்களா, 528 வருஷம் கழிச்சு சோத்பீஸ்ல பொலோன்யா பிரதி ஏலம் போனதும் அதே நாள்தான், தற்செயல்தான் ஆனா படிச்சப்ப ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன்.)

பொலோன்யா மேப்புகள செதுக்கினவர் தத்தேயோ கிரிவெல்லி. இவர் அடிப்படையில செதுக்கறவரே இல்ல, கையெழுத்துச் சுவடிகளுக்கு தங்கத்துலயும் வண்ணத்துலயும் சித்திரம் போடற ஓவியர். ஃபெராரா பிரபு போர்சோ தெ எஸ்தேவுக்காக 1455லேர்ந்து 1461 வரைக்கும் வரைஞ்ச பிரம்மாண்டமான பைபிள் சுவடி இவர் தலைமையில தயாரானது, அது இப்பவும் மோதெனா நகர நூலகத்துல இருக்கு, மறுமலர்ச்சிக் கால சுவடி ஓவியத்துல அது ஒரு உச்சம். அப்படிப்பட்ட கை, அச்சு வந்து சுவடி வேலை குறைய ஆரம்பிச்ச காலத்துல, உளிய எடுத்து செம்புத்தகட்டுல இறங்குது.

செம்புல செதுக்கறது மரக்கட்டை அச்சுக்கு நேர் எதிர். மரக்கட்டையில கோடு மேடா நிக்கணும், மீதிய வெட்டி எடுக்கணும். செம்புல கோட்டையே பள்ளமா தோண்டணும், அந்தப் பள்ளத்துல மை தேய்ச்சு, மேல்பரப்ப சுத்தமா துடைச்சிட்டு, ஈரமாக்கின காகிதத்த வச்சு ரொம்ப அழுத்தமா அச்சுல விடணும், அப்ப காகிதம் பள்ளத்துக்குள்ள போய் மைய இழுத்துட்டு வரும். எல்லாமே இடவலம் மாறி செதுக்கணும், எழுத்து உட்பட. ரோம்காரங்க ஊர் பேருக்கு சின்னச் சின்ன எழுத்து முத்திரை செஞ்சு சுத்தியால தட்டினாங்க, அதனால அவங்க எழுத்து கல்வெட்டு மாதிரி ஒரே சீரா நிக்கும். கிரிவெல்லி ஒவ்வொரு எழுத்தையும் கையால கீறினார். அதனால பொலோன்யா மேப்ல எழுத்து கொஞ்சம் ஆடும், பெருசு சிறுசா இருக்கும், அழகுல ரோம் தான் ஜெயிச்சது, அதுல சந்தேகமே இல்ல. ரோம் தகடுகள் 1490, 1507, 1508னு திரும்பத் திரும்ப அச்சாச்சு. ஆனா ஸ்கேன்ல பெருசாக்கி பாக்கறப்ப எனக்கு கிரிவெல்லியோட கோடுதான் மனசுக்கு நெருக்கமா இருக்கு, புதுத் தொழிலுக்கு பழகாத ஒரு பெரிய கலைஞனோட கை தடுமாறறது அதுல தெரியுது.

மேப்புக்குள்ள என்ன இருக்கு

தாலமி கணக்குல பூமி உண்மைய விட சின்னது. இவருக்கு முன்னாடி எரடோஸ்தனிஸ்ங்கற கிரேக்க அறிஞர் 2,52,000 ஸ்டேடியான்னு (ஸ்டேடியா பழைய கிரேக்க நீள அளவு) சொன்ன சுற்றளவ இவர் 1,80,000னு எடுத்துக்கிட்டார். மத்தியதரைக் கடல 62 டிகிரிக்கு நீட்டிட்டார், உண்மையில அது 42 டிகிரி வாக்குல தான் வரும். இந்தியப் பெருங்கடல ஏரி மாதிரி நாலு பக்கமும் நிலத்தால மூடிட்டார், ஆப்பிரிக்காவோட தெற்கு அப்படியே கிழக்க வளைஞ்சு ஆசியாவோட சேந்துடும். அந்த மேப்ப நம்பினா ஐரோப்பாலேர்ந்து கப்பல்ல இந்தியா வரவே முடியாது. புத்தகம் வந்து 11 வருஷத்துல, 1488ல பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவோட தெற்கு முனைய சுத்தி வந்துட்டார், 1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கே வந்து நின்னுட்டார். அதாவது இந்த அட்லஸ வாங்கினவர் உயிரோட இருக்கும்போதே அதுல இருந்த கடல் உடைஞ்சு போச்சு.

நம்ம பக்கம்தான் இன்னும் சுவாரசியம். இந்தியாவோட முக்கோணமே கிடையாது, குஜராத்லேர்ந்து கரை தெக்க இறங்காம கிழக்க படுத்துக்கிட்டு போகும். அதுக்கு கீழ தப்ரொபானே, நம்ம இலங்கை, பூதாகாரமா, இந்தியாவையே அமுக்கற சைஸ்ல. ஆனா அந்த கோணல் கரையில ஊர் பேரு படிச்சுட்டே வந்தா மனசு நின்னுடும். கொமாரியா முனைன்னு குமரி. கோல்கோய்னு கொற்கை, முத்துக்குளிக்கற வளைகுடாவும் அதே பேர்ல. கபேரோஸ் ஆத்து முகத்துவாரம், கபேரிஸ்னு துறைமுகம், காவிரிப்பூம்பட்டினம். ஓர்தூரான்னு உறையூர். கரூரா, கேரபோத்ரஸோட, அதாவது சேரனோட தலைநகரம். மொதூரா, பாண்டியனோட அரசிருக்கை.

இத 1477ல பொலோன்யாவுல ஒருத்தர் அச்சு கோத்திருக்கார். சங்கப் புலவர்கள் காலத்து ஊர்களோட பட்டியல், 1300 வருஷம் கழிச்சு. அப்ப கொற்கைத் துறைமுகம் தூர்ந்து போய் காயல் மேல வந்து ரொம்ப காலமாச்சு, பாண்டியர் மதுரைய விட்டுட்டு தென்காசிப் பக்கம் போயாச்சு. இத்தாலியில அத சரிபார்த்தவங்களுக்கு அது எதுவும் தெரிய வழியில்ல, அவங்க பாத்தது கிரேக்க எண்ணையும் லத்தீன் எண்ணையும் ஒப்பிட்டு மட்டும்தான்.

இதுலயும் புத்தகம் முழுசா இருக்கறதோட அவசியம் வருது. ஆசியாவுக்கான மேப்ல ஊர் இருக்கற புள்ளி இருக்கும், ஆனா அதோட டிகிரி கணக்கும் "பாண்டியனோட அரசிருக்கை"ங்கற மாதிரி விவரமும் எழுத்துப் பகுதியில இருக்கும். மேப்ப மட்டும் தனியா கிழிச்சு ஃப்ரேம் போட்டா ஹால்ல மாட்ட அழகா இருக்கும், ஆனா அது பேசாது. ஏன் கரை அப்படி படுத்துக்கிச்சுன்னு கேட்டா பதில் சொல்ல பக்கத்துல ஆள் இருக்காது.

வார்டிங்டன் பிரபு வீட்டுத் தீ

ஏலத்துக்கு வந்த பிரதி வார்டிங்டன் பிரபுவோடது. லண்டன்ல பங்குத்தரகரா இருந்தவர், பல பத்து வருஷமா அட்லஸ் சேத்தவர், தனி மனுஷங்க கையில இருந்த அட்லஸ் தொகுப்புகள்ல உலகத்துலயே பெரிய பேர் வாங்கினது அவரோடது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல வார்டிங்டன்ங்கற கிராமத்துல பழைய மாளிகை, அதுல நூலகம்.

2004 ஏப்ரல்ல அந்த மாளிகையில தீ புடிச்சுக்கிச்சு. அட்லஸ்னா சும்மா இல்ல, ஒவ்வொண்ணும் தோல் பைண்டிங் போட்டு தூக்கவே ரெண்டு கை வேணும்ங்கற கனம். ஊர்க்காரங்க வந்து வரிசையா நின்னு, கை மாத்தி கை மாத்தி, நூலகத்துலேர்ந்து புத்தகங்கள வெளிய கொண்டு வந்தாங்க. வீட்டுக்கு பெரிய சேதம், அட்லஸ் தொகுப்பு பிழைச்சுது. அதுல எத்தனை பேருக்கு தாலமி யாருன்னு தெரிஞ்சிருக்கும்னு எனக்கு தெரியாது, தெரியணும்னு அவசியமும் இல்ல. எரியற வீட்டுலேர்ந்து பக்கத்து வீட்டுக்காரரோட பொருள தூக்கிட்டு வந்தாங்க. 500 பிரதியில இன்னிக்கு உலகம் முழுக்க தெரிய வந்திருக்கறது சுமார் 30 தான், அதுவும் பெரும்பாலும் நூலகங்கள்ல. அந்த வரிசையில நின்னவங்க கையில இருந்தது அப்படி ஒரு பொருள்.

அடுத்த வருஷம், 2005ல வார்டிங்டன் பிரபு காலமானார். தொகுப்பு சோத்பீஸ் வழியா ரெண்டு தவணையா வித்துச்சு, ஆங்கில அகரவரிசையில. ஏலேர்ந்து கே வரைக்கும் 2005 அக்டோபர், எல்லேர்ந்து இசட் வரைக்கும் 2006 அக்டோபர். தாலமி பேர் ஆங்கிலத்துல பில (Ptolemy) ஆரம்பிக்கறதால ரெண்டாவது ஏலத்துக்கு வந்தது.

அதே நேரத்துல வெளிய நடந்தது

ஏலத்துக்கு கிட்டத்தட்ட ரெண்டு வாரம் முன்னாடி, 2006 செப்டம்பர் கடைசியில, அமெரிக்காவுல ஃபோர்ப்ஸ் ஸ்மைலிங்கற மேப் டீலருக்கு மூணரை வருஷம் சிறைன்னு தீர்ப்பாச்சு. 2005 ஜூன்ல யேல் பல்கலைக்கழகத்தோட பைனெக்கி அரிய நூல் நூலகத்துல, படிக்கற அறைத் தரையில ஒரு சின்ன வெட்டுக்கத்தி பிளேடு கிடக்கறத நூலகர் பாத்துட்டார், அதுலேர்ந்துதான் எல்லாம் வெளிய வந்துச்சு. விசாரணையில அவர் ஒத்துக்கிட்டது 97 மேப், மதிப்பு 30 லட்சம் டாலர் வாக்குல. எல்லாமே நூலகங்கள்லேர்ந்து எடுத்தது, பலது புத்தகங்கள்லேர்ந்து அறுத்தது.

அடுத்த வருஷம், 2007ல மாட்ரிட் தேசிய நூலகத்துல தாலமியோட இன்னொரு பதிப்பு, 1482 உல்ம் பதிப்பு, அதோட உலக மேப்புகள காணோம். கடைசியில ஒண்ணு ஆஸ்திரேலியாவுல சிட்னியில ஒரு டீலர் கிட்டேர்ந்து மீட்டு ஸ்பெயினுக்கு திரும்ப வந்துச்சு. இந்த உல்ம் பதிப்பு மரக்கட்டை அச்சு, 32 மேப், கடலுக்கு அடர்த்தியான நீலம் தீட்டின பிரதிகள் பாக்கவே கண்ண பறிக்கும்.  அந்த அழகுதான் அதுக்கு எமன், தனித்தாளா வித்தா உடனே காசு.

திருடன விடுங்க, சட்டப்படியே புத்தகத்த வாங்கி பிரிச்சு தாள் தாளா விக்கறவங்க எப்பவும் இருந்திருக்காங்க. சிதைஞ்ச பிரதின்னா பரவால்லன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, பாதி இருக்கற பிரதியும் பாதி சாட்சி சொல்லும். ஒரு பொலோன்யா பிரதிய யாராவது நூறு வருஷம் முன்னாடி பிரிச்சிருந்தா உலக மேப் ஒரு கண்டத்துல, 1462னு போட்ட கொலஃபன் ஒரு கண்டத்துல, பெரோல்தோ பேர் இருக்கற தாள் குப்பையில. அந்த மேப்ப கையில வச்சிருக்கறவர் அது எந்த வருஷத்ததுன்னு எத வச்சு சொல்வார்?

வாங்கறவங்க எப்படி பாக்கறாங்க

இந்த மாதிரி ஒரு அட்லஸ் விலைக்கு வந்தா விவரம் தெரிஞ்ச கலெக்டர் மேப்ப கடைசியிலதான் பாப்பார். முதல்ல தாள எண்ணுவாங்க, எந்தத் தாள் எந்த மடிப்புல வரணுமோ அங்க இருக்கான்னு ஒவ்வொண்ணா, கொலேஷன்னு பேரு. அப்புறம் வெளிச்சத்துக்கு நேரா தாள புடிச்சு வாட்டர்மார்க், அதாவது காகிதம் செய்யறப்பவே உள்ள பதியற குறி, பாப்பாங்க. செம்புத்தகட்டு அச்சுன்னா தகட்டோட விளிம்பு காகிதத்துல பள்ளமா பதிஞ்சிருக்கும், விரல் வச்சா தெரியும், பின்னாடி போட்டோ எடுத்து அச்சடிச்ச நகல்ல அது அப்படி வராது. வண்ணம் அந்தக் காலத்ததா, விலை ஏத்த பின்னாடி பூசினதா? பழைய பச்சை செம்புலேர்ந்து எடுத்தது, நாள்பட காகிதத்த அரிச்சு தாளோட பின்பக்கம் பழுப்பா ஊறி வரும், அது இருந்தா ஒரு வகையில நல்ல சேதிதான். நூலக முத்திரைய சுரண்டின தடம் இருந்தா அங்கயே எழுந்து வந்துடணும்.

எல்லாத்தையும் விட எனக்கு புடிச்சது பூச்சி ஓட்டை. புத்தகப்பூச்சி ஒரு பக்கத்துல நுழைஞ்சா நேரா துளைச்சுட்டு போகும், அடுத்த தாள்லயும் அதே இடத்துல ஓட்டை, அதுக்கடுத்ததுல கொஞ்சம் நகர்ந்து, அப்படியே மெல்ல சாய்ஞ்சுக்கிட்டே போகும். நடுவுல ஒரு தாள்ல மட்டும் ஓட்டை இல்லன்னா, இல்ல சம்பந்தமில்லாத இடத்துல இருந்துச்சுன்னா, அந்தத் தாள் வேற பிரதியிலேர்ந்து வந்தது. எவ்ளோ நல்ல கையால ஒட்டி பைண்ட் பண்ணியிருந்தாலும் பூச்சி போன பாதைய யாராலயும் திருத்த முடியாது. அனுபவப்பட்ட டீலர்கள் ஒரு தாளோட ஓட்டைய விரலால தடவி, புரட்டி, அடுத்த தாள்ல அதே இடத்த தேடி, திரும்ப புரட்டின்னு 26 மேப்பையும் அப்படியே கடந்து போவாங்க.